மொரிஸ் மைனருக்கு அந்தக்கால ரயர்: 5.20-14 தேடுறதோ, றேடியலுக்கு மாறுறதோ?

கொக்குவில்_1000

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1958 மொரிஸ் மைனர் 1000, இரண்டு கதவு, 948 சிசி. பெயின்ற் வேலை முடிஞ்சுது, அடுத்தது சில்லு. இப்ப கிடக்கிறது முன்னுக்கு இரண்டும் 165/70 ஆர் 14, பின்னுக்கு ஒண்டு 155/80, மற்றது 165 ஆர் 14 வான் ரயர். பக்கவாட்டில நிண்டு பாத்தால் முன்பக்கம் மட்காட்டுக்கும் ரயருக்கும் நடுவில பெரிய வெளி, சில்லு சின்னனாத் தெரியுது.

அம்பதுகளின்ர தோற்றம் வேணும். அதோட அமெரிக்க ஹொட் றொட் (வேகத்துக்காக மாத்தி அமைச்ச பழைய கார்) வண்டியள் மாதிரி முன்பக்கம் கொஞ்சம் பணிஞ்சும் பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்தும் நிண்டால் நல்லம். ஓட்டம் பெரும்பாலும் ரவுணுக்குள்ள, கலியாண வீடுகளுக்கு, இடைக்கிட ஏ9இல வவுனியா வரைக்கும்.

மூண்டு கேள்வி:
குறொஸ் பிளை (உள்ளுக்குத் துணி நூல் குறுக்கும் மறுக்குமா ஓடுற பழைய வகை) 5.20-14 போடுறதோ, றேடியலோ (நூல் ஒரு விளிம்பில இருந்து மற்றதுக்கு நேரா ஓடுற இப்பத்தை வகை)?
வெள்ளைப் பட்டை போட்டால் பொருந்துமோ?
ரயர்க்கடையில ஜப்பான் காரின்ர 14 அங்குல றிம் போட்டு அகல ரயர் கொழுவலாம் எண்டு சொல்லுகினம். இப்ப இருக்கிற றிம்மை அளந்தன், நாலரை அங்குலம் வருது.

சாவகச்சேரி_ஏ40

தம்பி, அந்தக்காலத் தோற்றம் வெள்ளைப் பட்டையில இல்லை. ரயரின்ர அகலத்துக்கும் பக்கச்சுவரின்ர உயரத்துக்கும் உள்ள விகிதத்திலதான் இருக்கு. கணக்கைப் பாருங்கோ.

5.20-14 எண்டால் அகலம் 5.20 அங்குலம், கிட்டத்தட்ட 132 மில்லிமீற்றர். முழு விட்டம் ஏறக்குறைய 610. நடுவில 14 அங்குலம், அதாவது 356 போக, பக்கச்சுவர் 127 மில்லிமீற்றர் வரும். அகலமும் உயரமும் ஏறக்குறையச் சமன். அதாலதான் அந்த ரயர் ஒல்லியாயும் உயரமாயும் நிக்குது.

உங்களிட்ட முன்னுக்குக் கிடக்கிற 165/70 எண்டால் அகலம் 165 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதின்ர 70 வீதம், 115 தான். முழு விட்டம் 587. மட்காட்டுக்குள்ள வெளி தெரியிறது அதால. அதுகும் போதாதெண்டு அகலம் கூட.

145/80 ஆர் 14: பக்கச்சுவர் 116, விட்டம் 588.
155/80 ஆர் 14: பக்கச்சுவர் 124, விட்டம் 604.

155/80 உயரத்தில பழைய அளவுக்குக் கிட்ட வருது, அகலத்தில 23 மில்லிமீற்றர் கூட. 145/80 அகலத்தில கிட்ட, உயரத்தில 22 குறைவு. எதைப் போடலாம் எண்டதை உங்கட றிம்மின்ர அகலம்தான் சொல்லும். 145க்கு மூண்டரை அங்குலத்தில இருந்து மேல, 155க்கு குறைஞ்சது நாலு அங்குலம் வேணும். ஒடுங்கின றிம்மில அகல ரயரைக் கொழுவினால் இரண்டு விளிம்பும் உள்ளுக்கு இழுபட்டு, றோட்டில படுற முகம் நடுவில குமிஞ்சு நிக்கும். நடு மட்டும் தேயும், வளைவில வண்டி வழுவழுவெண்டு அசையும்.

தோற்றத்துக்கு இன்னும் இரண்டு விசயம். முதலாவது தோள். குறொஸ் பிளையில தோள் உருண்டு இறங்கும், இப்பத்தை றேடியலில வெட்டினமாதிரி மூலை இருக்கும். ஒரே அளவில இரண்டு வகை கிடைச்சால் தோள் உருண்டதை எடுங்கோ. இரண்டாவது முகத்தின்ர வெட்டு. அந்தக்காலத்தில நீளவாட்டில நாலு அஞ்சு வரி, நெளிநெளியா. அம்புக்குறி மாதிரி வி வடிவ வெட்டு உள்ளது எந்த அளவில இருந்தாலும் 1958 வண்டியில ஒட்டாது. நேர்வரி வெட்டு உள்ள, பக்கச்சுவரில பெரிய எழுத்து இல்லாத சாதாரண ரயர் நல்லாப் பொருந்தும். பெரிய எழுத்து ஒரு பக்கத்தில மட்டும் இருந்தால் அந்தப் பக்கத்தை உள்ளுக்குத் திருப்பிக் கொழுவலாம், ஆனால் பக்கச்சுவரில 'வெளிப்பக்கம்' எண்டு குறி போட்ட ரயரெண்டால் திருப்பக் கூடாது.

குறொஸ் பிளைதான் வேணுமெண்டால் கடையில மைனர் எண்டு கேக்காமல் 'பிறீமியர் பத்மினி அளவு' எண்டு கேளுங்கோ. இந்தியாவில பத்மினிக்குப் போட்டதும் இதே 5.20-14 தான். மும்பையில அந்த வண்டி டாக்சியாக 2023 வரைக்கும் ஓடினது. ஆனால் பத்மினி உற்பத்தி 2001ஓட நிண்டுட்டுது. அதால இந்த அளவில கடையின்ர மேல்தட்டில கிடக்கிறது எவ்வளவு காலம் கிடந்த சரக்கெண்டு பாக்காமல் காசு குடுக்க வேண்டாம். பக்கச்சுவரில நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டும் கிழமை, பின் இரண்டும் வருசம். 3421 எண்டால் 2021ஆம் ஆண்டின்ர 34ஆம் கிழமை. மூண்டு இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000க்கு முந்தினது, தொடவே வேண்டாம். ஆறு வருசத்துக்கு மேல எண்டால் தோள் மடிப்பையும் விளிம்புக் கரையையும் விரலால விரிச்சு வெடிப்புப் பாருங்கோ. பத்து வருசத்துக்கு மேல எண்டால் புதுசுமாதிரி மினுங்கினாலும் விடுங்கோ. உள்ளுக்க இருக்கிற றப்பர் காஞ்சு துணியை விட்டுக் கழரும், அது வெளியில தெரியாது.

றிம்வேலை_கோண்டாவில்

றிம் நாலரை அங்குலம் எண்டது பிழையான அளவு எண்டு நினைக்கிறன். வெளி உதட்டில இருந்து வெளி உதட்டுக்கு அளந்திருப்பியள். ரயரின்ர அளவுக்குக் கணக்கெடுக்கிறது உள்பக்கம்: ரயர் விளிம்பு வந்து சாத்துப்படுற சுவரில இருந்து மற்றப் பக்கச் சுவருக்கு. வெளியால அளந்தால் ஒரு அங்குலமளவு கூடத்தான் வரும். ரயரைக் கழட்டினபிறகு ஒரு நேர் மட்டத்தடியும் கலிப்பரும் வைச்சு அளவுங்கோ. மைனரில மூண்டு, மூண்டரை, நாலு எண்டு வித்தியாசமான றிம்கள் வந்திருக்கு. இத்தனை வருசத்தில ஒரு வண்டியிலயே கலந்து கிடக்கலாம், ஸ்பெயார் சில்லோட சேத்து அஞ்சையும் தனித்தனிய அளக்கவேணும்.

ஜப்பான் றிம் போடவே வேண்டாம். மைனரில நாலு ஆணி, ஆணி வட்டத்தின்ர விட்டம் நாலு அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். ஜப்பான் சின்னக் கார்களில பெரும்பாலும் 100. வித்தியாசம் 1.6 மட்டும்தான், றிம் ஏறும், நட்டும் இறுகும். அதுதான் ஆபத்து. ஒவ்வொரு ஆணியும் 0.8 மில்லிமீற்றர் பக்கத்துக்கு வளைஞ்சு நிக்கும், நட்டின்ர கூம்பு ஒரு பக்கத்தில மட்டும் இருக்கும். ஓட ஓட நட்டு இளகும், இல்லாட்டி ஆணி அடியோட முறியும். மைனர் ஆணி 3/8 அங்குலம், யூஎன்எஃப் எண்ட நுண்புரி வகை, தடிச்ச ஆணி இல்லை.

பெயின்ற் வேலை முடிஞ்சுது எண்டு சொன்னியள். றிம்முக்கும் அடிச்சிருந்தால் நட்டு இருக்கிற கூம்புக் குழியிலயும் ஹப்பில சாத்துப்படுற முகத்திலயும் பெயின்றை முழுக்கச் சுரண்டி எடுங்கோ. தடிச்ச பெயின்ற் நட்டுக்குக் கீழ நசிஞ்சு போக, இறுக்கம் தானா விடும். 45 றாத்தல்-அடிக்கு இறுக்கி, 50 கிலோமீற்றர் ஓடினபிறகு திரும்ப ஒருக்கா அதே அளவுக்குப் பாக்கவேணும்.

றிம்மை ரயர் கொழுவமுதல் இப்பிடிப் பாருங்கோ. ஜக்கில தூக்கி, சில்லைச் சுத்தவிட்டு, ஒரு கம்பி நுனியை றிம் விளிம்புக்குக் கிட்ட வைச்சால் எவ்வளவு அலையுதெண்டு தெரியும். பக்கவாட்டிலயும் மேல்கீழும் ஒண்டரை மில்லிமீற்றருக்குள்ள இருந்தால் நல்லம். அதுக்கு மேல எண்டால் எந்த பலன்ஸ் மெசினும் அதைத் திருத்தாது. கறள் நடுப் பள்ளத்திலயும் வால்வு ஓட்டையைச் சுத்தியும்தான் கூட இருக்கும். பண்ணைப் பாலத்தாலயும் காரைநகர்ப் பக்கமும் ஓடுற வண்டியள் உப்புக்காத்தில உள்ளுக்கால தின்னுப்பட்டிருக்கும், வெளியால பளபளவெண்டு கிடக்கும். வயர் பிரஷ்ஷால உரஞ்சி, ஆணியால தட்டிப் பாத்து, தகடு மெலிஞ்ச இடம் இருந்தால் அந்த றிம்மை ஒதுக்குங்கோ. நல்லதெண்டால் சிங்க் பிறைமர் அடிச்சு மெல்லிசா ஒரு பூச்சு.

அடுத்தது ரியூப். பழைய றிம்மில இப்பத்தை றிம் மாதிரி ரயர் விளிம்பைப் பிடிச்சு வைக்கிற மேடு இல்லை. காத்துக் குறைஞ்ச நேரத்தில வளைவெடுத்தால் விளிம்பு பள்ளத்துக்குள்ள விழுந்து ஒரேயடியாக் காத்து இறங்கும். ரயரில ரியூப்லெஸ் எண்டு எழுதியிருந்தாலும் ரியூப் போட்டே ஓடவேணும். றேடியலுக்கு றேடியல் எண்டு குறிச்ச ரியூப். குறொஸ் பிளை ரியூபைப் போட்டால் றேடியல் பக்கச்சுவர் மடியிற இடத்தில சூடேறி ஒட்டு விடும்.

வால்வு ஓட்டையையும் அளவுங்கோ. 11.5 மில்லிமீற்றர் எண்டால் டிஆர்13 வால்வு, 16 எண்டால் டிஆர்15. பெரிய ஓட்டையில சின்ன வால்வைப் போட்டால் அது அங்கயும் இஞ்சயும் ஆடி அடியில கிழியும். கிழிஞ்சால் ஒட்டவும் ஏலாது. பெரிய ஓட்டைக்கு அளவான புஷ் போட்டால் சரி.

கொழுவேக்க ரயருக்குள்ள ஒட்டியிருக்கிற கடதாசி லேபல் எல்லாத்தையும் உரிச்செடுங்கோ, அது ரியூபை அரைச்சு ஓட்டை போடும். உள்ளுக்கு ரல்கம் பவுடர் தூவவேணும். சவர்க்காரத் தண்ணி விளிம்பில மட்டும். காத்தடிச்சு, முழுக்க இறக்கி, திரும்ப அடியுங்கோ. ரியூபில மடிப்பு விழாமல் இருக்கிறதுக்கு இது கட்டாயம். விளிம்பு சாத்துப்பட காத்தமுக்கம் 40 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு றாத்தல்) மேல போகவேண்டாம். சாத்துப்பட்டபிறகு பக்கச்சுவரில றிம்மை ஒட்டிப் போற மெல்லிய கோடு வட்டம் முழுக்க ஒரே தூரத்தில இருக்கோ எண்டு பாருங்கோ. ஒரு இடத்தில உள்ளுக்குப் போயிருந்தால் அங்க விளிம்பு ஏறேல்லை.

சுன்னாகம்_செம்மண்

வெள்ளைப் பட்டையைப் பற்றிக் கொஞ்சம். அகலமான வெள்ளைப் பட்டை அமெரிக்க வண்டியளின்ர பாணி, 1961 வரைக்கும் அகலம், 1962இல இருந்து ஒரு அங்குலமளவுக்கு ஒடுங்கினது. பிரித்தானியச் சின்னக் கார் பெரும்பாலும் முழுக் கறுப்பு ரயரோடதான் ஓடினது. போருக்குப் பிறகு கலிபோர்னியாவில காஞ்ச ஏரிப் படுக்கையில ஓட்டின ஹொட் றொட்டுகளும் பெரும்பாலும் கறுப்பு ரயர்தான், முன்னுக்கு 5.00-16 அல்லது 5.50-16, பின்னுக்கு 7.00-16 அல்லது 7.50-16. அதால கறுப்பே போட்டு, றிம்முக்கு வண்டியின்ர நிறமோ பழைய வெள்ளை நிறமோ அடிச்சு, ஹப் கப் மினுக்கினால் இரண்டு பாணிக்கும் பொருந்தும். என்ர மனசுக்கு அதுதான் வடிவு.

பட்டை வேணுமெண்டால் வெள்ளை றப்பர் சேத்தே வார்த்த ரயர் மட்டும்தான் நிலைக்கும். அதில கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில கறை கடத்தாத றப்பர் படை ஒண்டு இருக்கு. சாதாரண ரயருக்கு மேல வெள்ளைப் பெயின்ற் அடிச்சால் ரயருக்குள்ள வெடிப்புத் தடுக்கிறதுக்குக் கலந்திருக்கிற மெழுகும் மருந்தும் வெளியில ஊறி, சில கிழமையில மண்ணிறமாகும். பக்கச்சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடியிறதால பெயின்ற் வெடிச்சு உதிரும். கொழுவுற வெள்ளை வளையம் இன்னும் மோசம். றிம்முக்கும் ரயருக்கும் நடுவில செருகினால் றேடியலின்ர மெல்லிய சுவர் அதில உரஞ்சி உரஞ்சி தேயும், நடுவில மணல் போனால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறமாதிரி. கலியாண வீட்டு வாசலில ஒரு நாளைக்கு நிறுத்திவைக்கப் போடலாம், ஏ9இல போட்டுக்கொண்டு போகவேண்டாம்.

வலிகாமத்துச் செம்மண்ணில மாரி காலத்தில வெள்ளைப் பட்டை எப்பிடி வருமெண்டு உங்களுக்குத் தெரியும். காயமுதல் சவர்க்காரமும் நைலோன் பிரஷ்ஷும் போட்டுக் கழுவினால் போகும், காஞ்சால் கறை தங்கும். பெற்றோல், தின்னர், மினுக்கு எண்ணெய் ஒண்டும் பட்டையில படக்கூடாது, அவ்வளவும் மஞ்சளாக்கும்.

கொக்குவில்_1000

நன்றி அண்ணை எல்லாருக்கும். உள்பக்கமா அளந்தன், அஞ்சும் மூண்டரை அங்குலம். வால்வு ஓட்டை 16. பட்டையை விட்டிட்டன், கறுப்புத்தான்.

இன்னும் ஒரு யோசினை. முன்னுக்கு 145/80 றேடியல், பின்னுக்கு 5.20-14 குறொஸ் பிளை போட்டால் பின்பக்கம் 22 மில்லிமீற்றர் விட்டம் கூட, ஹொட் றொட் நிலையும் வரும், பழைய தோற்றமும் வருமெல்லோ?

சாவகச்சேரி_ஏ40

அது மட்டும் செய்யவேண்டாம். இந்த இழையில மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

வளைவில ஒவ்வொரு ரயரும் சில்லு பாக்கிற திசையை விடக் கொஞ்சம் வெளிக்கு வழுகித்தான் போகும். றேடியலில அந்த வழுகல் குறைவு, குறொஸ் பிளையில கூட. முன்னுக்கு றேடியல், பின்னுக்கு குறொஸ் பிளை எண்டால் முன்பக்கம் கடிச்சுப் பிடிக்கும், பின்பக்கம் விட்டுக்கொண்டு வெளிக்குப் போகும். வண்டி சுழண்டு அடிக்கும். மழை நனைஞ்ச றோட்டில மாடு குறுக்க வந்து ஸ்ரேறிங்கை வெட்டினால் திருப்பிப் பிடிக்க நேரம் கிடையாது. ஒரே அச்சில ஒரு பக்கம் ஒண்டு, மறுபக்கம் மற்றது எண்டும் கூடாது. நாலும் ஒரே வகை, ஸ்பெயார் சில்லும் அதே வகை.

நிலைக்கு வேற வழி இருக்கு. நாலுமே றேடியல், முன்னுக்கு 145/80, பின்னுக்கு 155/80. விட்டம் 16 மில்லிமீற்றர் வித்தியாசம், பின் அச்சு 8 மில்லிமீற்றர் உயரும். கேக்கச் சின்ன அளவு, ஆனால் பக்கவாட்டில நிண்டு பாத்தால் தெரியும். இதுக்குப் பின்னுக்கு இரண்டு நாலு அங்குல மைனர் றிம் தேடவேணும், மூண்டரையில 155 வேண்டாம். நாலு அங்குல றிம் கிடைக்கும்வரைக்கும் நாலிலும் 145/80 போட்டு ஓடுங்கோ. மூண்டரை றிம்மில 145 ரயர் கொஞ்சம் ஒடுங்கி 140 அளவில நிக்கும், தோளும் உருண்டு தெரியும்.

பாரம் தாங்குமோ எண்டு யோசிக்க வேண்டாம். 145/80இல பாரக் குறி 76 எண்டு இருந்தால் ஒரு ரயருக்கு 400 கிலோ, நாலுக்கும் 1600. நாலு பேர் ஏறின மைனர் அதுக்குள்ள நல்லா அடங்கும். மற்றப் பக்கத்தில, உங்களிட்டக் கிடக்கிற வான் ரயரை முதல் வேலையாக் கழட்டுங்கோ. எட்டுப் பிளைச் சுவர், 700 கிலோவுக்கு மேல தாங்கச் செய்தது, மைனரின்ர பாரத்துக்கு மடியவே மாட்டுது. கல்லுக்கட்டை மாதிரித் துள்ளும், நனைஞ்ச றோட்டில பிடியும் குறைவு.

மைல் மீட்டர் 145/80இல கூடக் காட்டும். 60 எண்டு காட்டேக்க உண்மையில 58 மைல். எஞ்சினும் அதே அளவுக்குக் கொஞ்சம் கூடச் சுத்தும், 948க்கு ஏ9இல 45 மைலில வைச்சு ஓடினால் நல்லம்.

காத்து: குறொஸ் பிளைக்கு மைனரில முன்னுக்கு 22 பி.எஸ்.ஐ., ஆக்கள் ஏறினால் பின்னுக்கு 24. றேடியலுக்கு இதோட இரண்டிலிருந்து நாலு கூட்டுங்கோ, 24-26 முன்னுக்கு, 26-28 பின்னுக்கு. காலமை வெயில் ஏறமுதல், ஓடாத சில்லில அளக்கவேணும். றேடியலின்ர பக்கச்சுவர் கொஞ்சம் வெளிக்குத் தள்ளித் தெரியும், அது இயல்பு. அதைப் பாத்து 35 அடிச்சு விடுற கடையள் இருக்கு, கிட்ட நிண்டு பாருங்கோ.

கரவெட்டி_கராச்

றேடியல் போடமுதல் முன்பக்கத்தைப் பாக்காட்டி காசு வீண். மைனரின்ர முன்னுக்கு கீழ் ட்றன்னியன் எண்டு ஒண்டு இருக்கு, சில்லைத் தாங்கித் திரும்ப விடுற புரி போட்ட துண்டு. 1000 மைலுக்கு ஒருக்கா கிறீஸ் அடிக்காமல் விட்டால் புரி தேஞ்சு கழண்டு, சில்லு மட்காட்டுக்குள்ள மடிஞ்சு விழும். ஜக்கில தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ. றேடியலின்ர பிடி கூட எண்டதால நிண்டு திருப்பேக்க அந்தப் புரியில பாரமும் கூட.

முன் சில்லின்ர உள்வாங்கல் (இரண்டு முன் சில்லும் பின்விளிம்பை விட முன்விளிம்பில எவ்வளவு நெருங்கி நிக்குது எண்டது) குறொஸ் பிளைக்கு 3/32 அங்குலம், 2.4 மில்லிமீற்றர். றேடியலுக்கு 1/16 போதும். அலைன்மென்ட் மெசின் இல்லாட்டியும் நூல் கட்டி அளக்கலாம். அளக்கமுதல் வண்டியை முன்னுக்கு இரண்டு மீற்றர் உருட்டி விடவேணும், ஜக்கில இருந்து இறக்கினபடி அளந்தால் பிழை வரும்.

பின்னுக்கு 155 போடேக்க மட்காட்டின்ர உள்விளிம்பில பெருவிரல் மொத்தத்துக்குக் களிமண் ஒட்டி, நாலு பேரை ஏத்தி ஒரு பள்ளம் திட்டி ஓடிப் பாருங்கோ. களிமண்ணில கீறல் விழுந்தால் இடம் போதாது. மைனரின்ர பின் மட்காட் சில்லின்ர மேல்பகுதியை மூடுறதால கழட்டேக்க ரயர் உதட்டில சிக்கும், காத்தை இறக்கித்தான் எடுக்க வரும்.

948இல நாலு பிறேக் டிறம்மும் ஏழு அங்குலம்தான், 1098 எஞ்சின் வந்த பிறகுதான் முன்னுக்கு எட்டு வந்தது. ரயர் நல்லாப் பிடிச்சாலும் நிப்பாட்டுற தூரத்தைப் பிறேக்தான் தீர்மானிக்கும். பிறேக் சூவையும் சிலிண்டரையும் இதே கையோட பாருங்கோ, சில்லு கழண்டுதானே கிடக்கு.

பருத்தித்துறை_சோமசெட்

குறுக்க வாறதுக்கு மன்னிக்கவும். ஒஸ்ரின் ஏ40 சோமசெட் காருக்கும் இதே கதையோ? மூல அளவு 5.25-16. கடையில ஜிம்னி ரயர் 175/80 ஆர் 16 போடச் சொல்லுகினம்.

சாவகச்சேரி_ஏ40

போடவேண்டாம் அண்ணை. 175/80க்கு நாலரை அங்குல றிம் வேணும், சோமசெட்டின்ர றிம் அதை விட ஒடுக்கம். விட்டமும் 686 வருது, மூல ரயர் ஏறக்குறைய 660 தான். முன் சில்லை முழுக்கத் திருப்பேக்க தட்டும், பின்னுக்கு மட்காட்டுக்குள்ளால எடுக்கவும் கஷ்டம். 16 அங்குலத்தில ஒடுங்கின றேடியல் சாதாரணக் கடையில வராது. பழைய வண்டிக்கெண்டு குறொஸ் பிளைத் தோற்றத்தில றேடியல் செய்யிறவை இருக்கினம், எக்செல்சியர் ஸ்டால் ஸ்போர்ட் மாதிரி, ஆனால் வெளிநாட்டில இருந்து எடுக்கவேணும். ஆராவது வரேக்க ஒரு செற் கொண்டுவரக் கேக்கிறதெண்டால் அஞ்சையும் ஒரே தடவையில, ரியூபோட, நாலு இலக்கத் திகதியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாத்திட்டு வாங்குங்கோ. இல்லாட்டி 5.25-16 அல்லது 5.50-16 குறொஸ் பிளை. சோமசெட் மெதுவா ஓடுற வண்டி, அந்த ரயர் அதுக்கு நல்லாப் போதும். தார் விளிம்பு உயர்ந்த றோட்டில மட்டும் குறொஸ் பிளை விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு இழுக்கும், ஸ்ரேறிங்கை இறுக்கிப் பிடிக்காமல் தளர்வா விட்டு ஓடவேணும்.

இன்னொண்டு, நைலோன் குறொஸ் பிளை இரவு முழுக்க நிண்டால் அடிப்பக்கம் தட்டையாகும். காலமை முதல் இரண்டு மூண்டு கிலோமீற்றர் தடதடவெண்டு அடிக்கும், சூடேற வட்டத்துக்கு வந்திடும். அதைப் பலன்ஸ் பிழை எண்டு நினைச்சு ஈயம் ஒட்ட விடாதேங்கோ. மாசக்கணக்கா நிக்கிற வண்டியெண்டால் 35 பி.எஸ்.ஐ. அடிச்சு, ஓட எடுக்கேக்க இறக்குங்கோ.

றிம்வேலை_கோண்டாவில்

பலன்ஸ் எண்டதும் ஞாபகம் வந்தது. மெசினில நடு ஓட்டையைக் கூம்பால பிடிப்பினம். பழைய றிம்மின்ர நடு ஓட்டை ஆணி வட்டத்துக்குச் சரி நடுவில இருக்குமெண்டு இல்லை, அப்பிடிப் பிடிச்சால் மெசினில பூச்சியம் காட்டும், றோட்டில அதிரும். ஆணி ஓட்டையில பிடிக்கிற தட்டு வைச்சிருக்கிற கடையாப் பாத்துக் குடுங்கோ. ரயரில மஞ்சள் புள்ளி இருந்தால் அது பாரம் குறைஞ்ச பக்கம், வால்வுக்கு நேர வரக் கொழுவினால் ஈயம் குறையும்.

கொக்குவில்_1000

சரி அண்ணை. 145/80 அஞ்சு, றேடியல் ரியூப் அஞ்சு, டிஆர்15. முதல் ட்றன்னியனைப் பாக்கிறன். நாலு அங்குல மைனர் றிம் இரண்டு ஆரிட்டயாவது கிடந்தால் இதில எழுதிவிடுங்கோ, அலைவு ஒண்டரைக்குள்ள இருந்தால் எடுப்பன்.